சின்சேயின் கட்டைவிரல்

தோள் வலிக்கிறது என்று போனவளிடம் அவர் காலை நீட்டச் சொன்னார்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். முன்பக்கம் மருந்துக்கடை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், காய்ந்த வேரும் பட்டையும் கலந்த வாசம். பின்னால் திரை போட்ட அறையில் ஒரு கட்டில். எங்கள் ஊரில் சீன வைத்தியரைத் தமிழர்களும் சின்சே என்றுதான் அழைப்போம். இந்தச் சின்சேக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். என் இடது தோள் இறுகிப்போய் அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. தலை பின்னிக்கொள்ள முடியாது, மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியாது, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

அவர் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்ததோடு சரி. பிறகு கட்டைவிரலை என் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் வெளிப்பக்கமாக வைத்து, மெதுவாகக் கீழ்நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தார். பாதித் தூரத்தில் விரல் நின்றது. கொஞ்சம் மேலே ஏறியது, மறுபடி இறங்கி அதே இடத்துக்கு வந்தது. அழுத்தினார். "சாக்கிட்?" என்று மலாயில் கேட்டார். வலித்தது. நான் தலையாட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. என் கால் பெருவிரல் தானாக மடங்கியிருந்தது.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஆளுயரப் படம் ஒன்று தொங்கியது. தலை முதல் கால்வரை வண்ணக் கோடுகள், கோடுகள்மேல் நூற்றுக்கணக்கில் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். அங்கே போய்வந்த ஏழு வாரங்களில் ஒருநாள்கூட அவர் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்து நான் காணவில்லை. அவர் பார்த்தது எல்லாம் விரலால்தான். அந்த விரல் எதைத் தேடியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நாம் 'அக்குபங்சர் புள்ளி' என்கிறோம். சீன மொழியில் அது ஷுவே. அந்த எழுத்துக்கு முதற்பொருள் குகை, பொந்து, குழி என்பதுதான். குகைக்கும் விலங்கின் வளைக்கும் இன்றுவரை அதே எழுத்து. ஐரோப்பிய மொழிகள் வழியாக நம்மிடம் வரும்போது அது 'புள்ளி' ஆகிவிட்டது. புள்ளி என்றால் கண்ணுக்கு ஒரு பொட்டு தெரிகிறது. அகலமும் ஆழமும் இல்லாத, பேனாவால் குத்தி வைக்கக்கூடிய ஒன்று. குழி என்றால் கை தானாகத் தடவத் தொடங்குகிறது. எலும்பு முடிந்து சதை தொடங்கும் பள்ளம், இரண்டு தசைநார்களுக்கு நடுவே விரல் அமுங்கும் பிளவு, மூட்டை மடக்கினால் தோன்றும் சுழி. பழைய நூல்களில் ஓர் இடத்தைக் குறிக்கும்போது 'பள்ளத்தின் நடுவே' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. சின்சேயின் விரல் நின்றதும் அப்படி ஒரு பள்ளத்தில்தான். அதன் பெயர் டியாவ்கோ, 'ஒடுங்கிய நீள்வாய்'. பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அந்த இடத்தில் தசை ஒதுங்கி ஒரு நீளமான வாய்க்கால் தெரிகிறது. செய்து பாருங்கள்.

அந்தக் குழியை எப்படி அளந்து கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் என்னை முதலில் மயக்கியது. அளவின் பெயர் சூன். சந்தையில் துணி அளக்கவும் சூன் உண்டு; உடலை அளக்கும் சூன் வேறு. நோயாளியின் கட்டைவிரல் கணு அகலம் ஒரு சூன். நோயாளியின் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று சூன். மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை மடிப்புவரை எல்லோருக்கும் பன்னிரண்டு சூன். ஆறடி ஆளுக்கும் பன்னிரண்டு, ஆறு வயதுக் குழந்தைக்கும் பன்னிரண்டு. எறும்பும் தன் கையால் எண்சாண் என்று நாம் சொல்வது இதைத்தானே. வைத்தியர் தன் விரலை நோயாளியின் காலில் வைத்து அளந்தால் கணக்குத் தவறிவிடும். விரல் பருமன் வேறாக இருக்கும்போது அதைக் கூட்டியோ குறைத்தோ பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். நம் சித்த மருத்துவத்திலும் விரற்கடைக் கணக்கு உண்டு, வர்மத்தில் நூற்றெட்டு இடங்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதானா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வர்மம் அடிபட்டால் ஆபத்தாகும் இடங்களிலிருந்து தொடங்கிய அறிவு. அதற்கென்று தனி வரலாறு இருக்கிறது. அவசரப்பட்டு இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்ற எனக்கு மனமில்லை.

பெயர்களுக்கு வருகிறேன். எண்களை மறந்துவிட்டுப் பெயர்களைப் படித்தால் அந்தச் சுவர்ப்படம் ஒரு நிலப்படமாக மாறிவிடுகிறது. உங்கள் கையையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரல் பக்கமாகப் பாருங்கள். நகத்தின் வெளிமூலையில் இருப்பது ஷாவ்ஷாங். அது 'கிணறு' என்ற வகை. கட்டைவிரலுக்குக் கீழே உப்பியிருக்கும் சதை மேட்டின் ஓரத்தில், உள்ளங்கையின் சிவந்த தோலும் புறங்கையின் தோலும் சந்திக்கும் கோட்டில் யூஜி, அதாவது 'மீன் ஓரம்'. அந்த மேட்டைப் பாருங்கள், மீன் வயிறு போலவே இருக்கும். இது 'ஊற்று'. மணிக்கட்டு மடிப்பில் நாடி துடிக்கும் இடம் டாய்யுவான், 'பெருமடு', இது 'ஓடை'. அங்கிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் மேலே ஜிங்ச்சூ. பெயரிலேயே வாய்க்கால் இருக்கிறது, வகையில் அது 'ஆறு'. கடைசியாக முழங்கை மடிப்பில், கையை லேசாக மடக்கினால் விறைக்கும் தசைநாரின் வெளிப்பக்கப் பள்ளத்தில் ச்சீட்ஸ. 'ச்சீ' என்பது முன்கையோடு ஒட்டிய ஒரு நீள அளவு. நாம் முழம் என்ற அளவிலிருந்து முழங்கை என்கிறோம் அல்லவா, அதே உறவு. 'ட்ஸ' என்றால் சதுப்பு. முழச் சதுப்பு! இது 'கடல்' வகை.

கிணறு, ஊற்று, ஓடை, ஆறு, கடல். விரல் நுனியில் மெல்லிய கசிவாகத் தொடங்கி, முழங்கையில் ஆழமும் அகலமும் பெற்று உள்ளே கலந்துவிடுகிறது. சுவர்ப்படத்தில் இருந்த வண்ணக் கோடுகளைத் தடங்கள் என்பார்கள். பன்னிரண்டு தடங்களுக்கும் முழங்கைக்கு அல்லது முழங்காலுக்குக் கீழே இதே ஐந்து வகை உண்டு. இதில் ஒரு முரண் இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது கையில் பார்த்த தடத்துக்கு நுரையீரல் தடம் என்று பெயர்; அது மார்பில் தொடங்கிக் கட்டைவிரலில் முடிகிறது என்பார்கள். கிணறு முதல் கடல் வரையிலான ஓட்டமோ விரலிலிருந்து முழங்கைக்குப் போகிறது. ஒரே கையில் எதிரெதிரான இரண்டு நீரோட்டம். 1973இல் சீனாவின் மாவாங்டுய் கல்லறையில் பட்டுச்சுவடிகள் கிடைத்தபோது இதற்கு ஒரு வெளிச்சம் வந்தது. அந்தக் கல்லறை மூடப்பட்ட ஆண்டு கிமு 168. அந்தச் சுவடிகளில் பதினொரு தடங்கள்தான் இருக்கின்றன, அவை பெரும்பாலும் கை கால் நுனியிலிருந்து உடலை நோக்கியே ஓடுகின்றன. குழிகளின் பெயர் எதுவும் இல்லை, ஊசியும் இல்லை. தடத்தின்மேல் இலைப்பஞ்சு வைத்துச் சுடும் முறை மட்டும் இருக்கிறது. பழைய ஓட்டத்தின் நினைவு ஐந்து நீர்நிலைகளில் தங்கிவிட்டது, புதிய சுற்றோட்டக் கணக்கு அதன்மேல் வந்து படிந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே 'ஐயாயிரம் வருடமாக மாறாத அறிவு' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. மாறியதுதான் அதன் அழகு. மஞ்சள் பேரரசரின் பெயரில் வழங்கும் நெய்ஜிங் நூல் வருடத்தின் நாள்களுக்கு ஏற்ப 365 குழிகள் என்று சொல்கிறது. அதற்குள் பெயரோடு வருபவை ஏறத்தாழ 160தான். கிபி 3ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி எழுதிய நூலில் 349. அவரே வாத நோயால் துன்பப்பட்டவர். தன் உடம்பு தன்னைக் கைவிட்டபோது பழைய நூல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த இடம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று வரிசைப்படுத்தினார். நோயாளி எழுதிய நூல் என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

அதன்பிறகு வந்த வெண்கல மனிதர்களின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. சோங் வம்சத்து மருத்துவ அதிகாரி வாங் வெய்யி 1027இல் ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டை வார்ப்பித்தார். உடலெங்கும் 354 பெயர்களுக்கான துளைகள். படியெடுத்துப் படியெடுத்து நூல்களில் இடங்கள் குழம்பிப்போயிருந்ததால், கையால் தொடக்கூடிய ஒரு பிரமாணம் வேண்டியிருந்தது. மாணவர் தேர்வுக்கு வரும்போது உருவத்தின்மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்துவிடுவார்களாம். உள்ளே நீர் நிரப்பியிருப்பார்களாம், பாதரசம் என்று சொல்வோரும் உண்டு. மாணவர் சரியான இடத்தில் ஊசி போட்டால் உள்ளே இறங்கித் திரவம் கசியும். தவறினால் ஊசி வெண்கலத்தில் முட்டும். கைஃபெங் நகரில் மெழுகு பூசிய அந்த உருவத்தின் முன்னால் ஊசியோடு நின்ற மாணவனை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். வெண்கலத்துக்கு வலிக்காது, அதன் பெருவிரல் மடங்காது. விரலால் தடவிப் பள்ளத்தைத் தேட வழியில்லாத அந்த உடம்பில் அவன் அளவையும் மனப்பாடத்தையும் மட்டுமே நம்ப வேண்டியிருந்திருக்கும்.

அத்தனை வெண்கலத்துக்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. 361 இடங்களின் அமைவிடத்தைப் பொதுவாக்க உலக சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் அலுவலகம் சீன, ஜப்பானிய, கொரிய நிபுணர்களை உட்காரவைத்துப் பேசியது. 92 இடங்களில் மூன்று நாடுகளுக்குள் வேறுபாடு. 2008இல் நூலாக வெளிவந்தபோதும் ஆறு இடங்களுக்கு ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. அந்த ஆறையும் மறைக்காமல் 'இப்படியும் கொள்வர்' என்று மாற்று அமைவிடம் குறித்து அச்சிட்டார்கள். அந்த நேர்மை வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் இல்லை. 'இங்கே அழுத்தினால் சிறுநீரகக் கல் கரையும்' என்று ஒரு சிவப்பு வட்டம். யாருடைய கை, எந்தப் பள்ளம், எவ்வளவு ஆழம் என்று எதுவும் கிடையாது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்கும் ஹெகுவைத் தலைவலிக்கு அழுத்தச் சொல்லும் படம் என் அத்தைமார் குழுவில் மாதம் ஒருமுறை வரும். கர்ப்பிணிக்கு ஹெகு கூடாது என்று மரபே எச்சரிப்பது அதில் ஒருமுறையும் வந்ததில்லை. தோள்மேட்டின் உச்சியில் இருக்கும் ஜியான்ஜிங்கின் பெயருக்குத் 'தோள் கிணறு' என்று பொருள். அந்தக் கிணற்றுக்கு அடியில் நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஆழமாக இறங்கிய ஊசி நுரையீரலைத் துளைத்து நோயாளியை மூச்சுத் திணற வைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. விரலால் தொடுவதோடு நில்லுங்கள், ஊசி பயிற்சி பெற்றவர் கையில் இருக்கட்டும்.

டியாவ்கோவில் சின்சே ஊசி போட்ட அந்த முதல் நாளுக்குத் திரும்புகிறேன். தோல் தாண்டும்போது எறும்புக்கடி அளவுகூட இல்லை. அவர் ஊசியை இரு விரல்களுக்கு நடுவே லேசாகச் சுழற்றினார். ஒன்றுமில்லை. கொஞ்சம் இறக்கிச் சுழற்றினார். "சுங் போ?" என்றார். பினாங்கு ஹொக்கியனில் 'புளிக்கிறதா இல்லையா' என்று பொருள். கால் எப்படிப் புளிக்கும் என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை எலும்பை ஒட்டி ஒரு கனம் பரவியது. வலி என்று சொல்ல முடியாது. வெகுதூரம் நடந்த இரவில், மழைக்கு முந்திய நாளில், பாட்டி காலைப் பிடித்துவிடச் சொல்லும்போது ஒரு சொல் சொல்வாள்: உளைச்சல். அதுதான். உடலில் ஓடும் உயிர்விசையைச் சீனர்கள் 'சி' என்பார்கள்; இந்த உணர்வைச் 'சி வந்தது' என்கிறார்கள். புளிப்பு, மதமதப்பு, விம்மல், கனம் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். அவர்களின் புளிப்பு நம் உளைச்சல் என்று கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஊசி பிடித்திருக்கும் கைக்கும் அது தெரியுமாம். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டோ ஹான்ச்சிங் பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார்: சி வந்தால் தூண்டில் இரையை மீன் விழுங்கித் தக்கை அமிழ்ந்து எழுவது போல இருக்கும், வராவிட்டால் ஆழ்ந்த மாளிகையின் ஆளில்லாத கூடத்தில் இருப்பது போல இருக்கும். அமெரிக்க ஆய்வாளர் ஹெலீன் லான்ஜெவின் ஊசியைச் சுழற்றும்போது தோலடி இணைப்புத் திசுவின் இழைகள் அதில் சுற்றிக்கொண்டு இறுகுவதைக் காட்டியிருக்கிறார். தூண்டிலில் மீன் இழுப்பதாகத் தோன்றுவதற்குத் திசுவில் ஒரு காரணம் இருக்கிறது.

சுழற்றிக்கொண்டே சின்சே என்னைக் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். காதுவரை வந்தது, முந்தின நாள் தோள் மட்டத்தோடு நின்ற கை. அழுதுவிட்டேன். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: உறைந்த தோள் பலருக்குத் தானாகவே ஒன்றிரண்டு வருடத்தில் இளகிவிடும் நோய். மருத்துவமனையில் கொடுத்த பயிற்சிகளையும் நான் விடவில்லை. எனக்குக் குணமானதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. என் கண்ணீரை ஆதாரமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆதாரம் என்றால் இடத்தைப் பற்றிய கேள்வி சங்கடமானது. 2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் தேறினார்கள். மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 சதவீதம். மூன்றாவது குழுவினருக்கு, நூலில் சொல்லாத இடங்களில், ஆழமில்லாமல் சும்மா ஊசி குத்தினார்கள், அவர்களில் 44.2 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள்! அப்படியானால் வாங் வெய்யியின் வெண்கலம் எதற்கு? இந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு அக்குபங்சரைப் பற்றி எழுதுகிறவர்களை என்னால் மதிக்க முடியவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. ஹார்வர்டின் ச்சூஃபு மா குழுவினர் 2021இல் எலிகளில் செய்த ஆய்வு. பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே ட்சூசான்லி என்ற குழி இருக்கும் இடத்தில் மெல்லிய மின்னோட்டத்தோடு ஊசி வைத்தால், மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு அழற்சி குறைகிறது. அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் ஒரு வகை நரம்பு இழைகள் காலின் ஆழ்திசுவில் நிறைய இருக்கின்றன. அதே மெல்லிய மின்னோட்டத்தை வயிற்றில் கொடுத்தபோது அந்தப் பாதை திறக்கவில்லை. ஆக, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு இடம் முக்கியம். இடுப்புவலியைத் தணிக்க இடம் அவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம். 361 இடத்துக்கும் ஒரே விடை இருக்கும் என்று எதிர்பார்த்ததுதான் நம் பிழை என்று எனக்குப் படுகிறது. எலிக்குக் கிடைத்த விடை மனிதருக்கும் பொருந்துமா என்பது இன்னும் பார்க்க வேண்டிய காரியம்.

ட்சூசான்லிக்குப் புகழ் நெடுங்காலமாக உண்டு. பெயரின் பொருள் 'கால் மூன்று லி'. லி என்பது தூர அளவு. களைத்தவன் இதைத் தூண்டினால் இன்னும் மூன்று லி நடப்பான் என்று ஒரு விளக்கம். 1689இல் ஜப்பானின் வடக்கே நெடும்பயணம் புறப்பட்ட கவிஞர் பாஷோ, கிழிந்த கால்சட்டையைத் தைத்து, தொப்பிக்கு நாடா மாற்றி, இந்த இடத்தில் மோக்ஸா சுட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். மோக்ஸா நம் மாசிபத்திரியின் குடும்பத்து இலைப்பஞ்சு. 1971இல் பீக்கிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்கு வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மூன்று ஊசி போட்டார்கள். அவர் எழுதிய கட்டுரைதான் அமெரிக்காவில் அக்குபங்சர் அலையைக் கிளப்பியது. அறுவையே ஊசி மயக்கத்தில் நடந்தது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது வழக்கமான மயக்க மருந்தில்தான் நடந்தது.

7ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் எழுதிய ஒரு குறிப்பு எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமானது. நூலில் பெயருள்ள குழியோ இல்லையோ, அழுத்தும்போது எந்த இடத்தில் நோயாளி 'ஆ, அதேதான்' என்கிறாரோ அங்கே ஊசி போடலாம், சுடலாம் என்கிறார். அந்த இடங்களுக்குப் பெயரே ஆஷி. 'ஆ, ஆமாம்' என்பதுதான் அதன் பொருள். எந்தப் படத்திலும் அதற்கு எண் கிடையாது.

போன மாதம் அம்மா கோயிலுக்கு நடந்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். எழுபத்துநான்கு வயது. நான் கீழே அமர்ந்து அவளுடைய நான்கு விரல்களைச் சேர்த்து முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் பள்ளத்திலிருந்து வைத்து அளந்தேன். வருடக்கணக்கில் துணி துவைத்துக் கணுக்கள் வீங்கிய விரல்கள். என் நான்கு விரலைவிட அகலம் கூடுதல். எலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, கணக்குப்படி ட்சூசான்லி இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"வலிக்கிறதா அம்மா?"

"இல்லையம்மா. இன்னும் கொஞ்சம் கீழே."

நகர்த்தினேன். கொஞ்சம் வெளியே என்றாள். நகர்த்தினேன். விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. அவளுடைய பெருவிரல் மடங்கியது.

"ஆ... அங்கேதான். அங்கேயே வைத்திரு."

அடுப்பில் தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும்வரை அங்கேயே வைத்திருந்தேன்.